பழைய கம்ப்யூட்டர் கைக்கு வந்தால்: புரோகிராமும் கையேடும் தேடும் முறை

ஜக்கார்டு தறி காஞ்சிபுரத்து வணிகர்களுக்குப் புதிதல்ல. தறியின் மேலிருக்கும் பெட்டி எந்திரம். அதில் தொங்கும் அட்டைக் கட்டு, எந்த ஊடைக்கு எந்தப் பாவு இழை எழ வேண்டும் என்று சொல்கிறது. அந்த அட்டை எதைப் பார்த்து அடிக்கப்பட்டதோ அந்தக் கட்டத்தாள் தனியாக இருக்கிறது. பெட்டி மட்டும் இருந்தால் புட்டாவும் வராது, முந்தியும் வராது. அட்டை இருந்தால் நெய்யலாம். நாலு அட்டை கிழிந்துவிட்டால் கட்டத்தாளைப் பார்த்துத்தான் புதிதாக அடிக்க முடியும்.

கம்ப்யூட்டரும் இப்படியே. எந்திரம் பெட்டி, புரோகிராம் அட்டை, கையேடு கட்டத்தாள். ஆனால் பழைய கம்ப்யூட்டரை விலைக்கு வாங்கும்போதோ, பாகப்பிரிவினையில் பெறும்போதோ, மூடிய கடையின் சரக்கோடு சேர்த்து எடுக்கும்போதோ நம்மில் பலர் பெட்டியை மட்டுமே பார்க்கிறோம். பிறகு அது ஓடவில்லை என்றால் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகிறது. பெட்டி போனால் சில ஆயிரம் ரூபாய் நஷ்டம். அதற்குள் இருக்கும் பேரேடு போனால் நஷ்டத்துக்குக் கணக்கே இல்லை. எந்த நெசவாளருக்கு எவ்வளவு பாவு, எவ்வளவு ஜரிகை கொடுத்தோம், யாருக்கு முன்பணம் நிற்கிறது, வெளியூர்க் கடைகளில் நிலுவை எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆகவே பழைய எந்திரத்துக்குரிய புரோகிராமையும் கையேட்டையும் எங்கே, எப்படித் தேடுவது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

மினி கம்ப்யூட்டர் என்பது என்ன?

அறை முழுவதையும் அடைக்கும் பெரிய கம்ப்யூட்டருக்கும், மேசை மேல் வைக்கும் பி.சி.க்கும் இடைப்பட்டது மினி கம்ப்யூட்டர். அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1965இல் வெளியிட்ட பி.டி.பி-8 இவ்வகையில் பெயர் பெற்றது. அதே நிறுவனம் 1970இல் பி.டி.பி-11ஐயும், 1977இல் வாக்ஸையும் கொண்டுவந்தது. நம் நாட்டில் ஹைதராபாத்தின் இ.சி.ஐ.எல். 1969இல் டி.டி.சி-12 என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. 1976இல் தொடங்கிய எச்.சி.எல்., பின்னர் வந்த விப்ரோ முதலிய நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றிய ரங்கராஜன் குழுவின் 1984 அறிக்கைக்குப் பின் வங்கி அலுவலகங்களிலும் இவை இடம் பிடித்தன.

உள் அறையில் ஒரு பெட்டி. அதிலிருந்து கம்பி இழுத்து நாலைந்து டெர்மினல்கள். ஓரத்தில் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். இதுதான் அதன் அமைப்பு. யூனிக்ஸ் அல்லது ஜீனிக்ஸ் அடிப்படைச் சாப்ட்வேராகவும், கோபால் அல்லது பாக்ஸ்பேஸில் எழுதிய கணக்குப் புரோகிராம் அதன் மேலும் இருப்பது வழக்கம். பின்னால் வந்த சர்வருக்கும், பத்து வருடப் பழைய பில்லிங் மெஷினுக்கும்கூட இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

1978இல் நாடே கற்ற பாடம்

பழைய எந்திரம் இருக்கிறது, அதைத் தந்தவர் இல்லை என்ற நிலை இந்தியாவுக்குப் பெரிய அளவில் ஒருமுறை வந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1959இல் 1401 என்ற கம்ப்யூட்டரை அறிவித்தது. ஜக்கார்டு அட்டையின் வழிவந்த துளை அட்டையில்தான் அதற்குக் கணக்கை ஊட்ட வேண்டும். ஓர் அட்டைக்கு 80 எழுத்து. அமெரிக்காவில் வாடகைக்கு இருந்து திரும்பிய 1401 எந்திரங்களை ஐ.பி.எம். இங்கே கொண்டுவந்து, பம்பாய்த் தொழிற்சாலையில் புதுப்பித்து, இந்திய வாடிக்கையாளருக்கு வாடகைக்கு விட்டது. அங்கே பழையதான எந்திரத்தை இங்கே தள்ளுவதா என்று கண்டனமும் எழுந்தது.

எனினும் ஒரு வசதி இருந்தது. எந்திரம், புரோகிராம், கையேடு, பழுது பார்க்கும் ஆள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தன. வாடகை கட்டினால் போதும். 1969இல்தான் ஐ.பி.எம். அமெரிக்காவில் சாப்ட்வேருக்குத் தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது. அதுவரை சாப்ட்வேர் தனிச் சரக்கு என்ற எண்ணமே வாடிக்கையாளருக்கு வரவில்லை.

1973ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டு நிறுவனங்கள் தம் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும் என்றது. ஐ.பி.எம். அதற்கு உடன்படாமல் 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. எந்திரங்கள் இங்கேயே நின்றன. சம்பளப் பட்டியலும் சரக்கு இருப்பும் அவற்றில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அரசு 1975இலேயே கம்ப்யூட்டர் பராமரிப்புக்கென்று சி.எம்.சி. என்ற நிறுவனத்தைப் பதிவு செய்திருந்தது. 800க்கும் மேற்பட்ட இடங்களில் ஐ.பி.எம். எந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு அதன் தலையில் விழுந்தது. ஐ.பி.எம்.மில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஐ.டி.எம். என்ற நிறுவனத்தையும் தொடங்கினர்.

தந்தவர் போய்விட்டால் எந்திரம், புரோகிராம், ஏடு, ஆள் ஆகிய நான்கும் நான்கு தனிச் சரக்கு ஆகிவிடுகின்றன. வாங்குபவர் நான்கையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றுக்கும் மதிப்பு இறங்கிவிடும்.

நான்கும் கிடைத்தால் எவ்வளவு பழைய எந்திரமும் எழுந்து நிற்கும் என்பதற்கும் இதே 1401 சாட்சி. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்தில் இரண்டு 1401 எந்திரங்களைத் தன்னார்வலர்கள் பழுது நீக்கி ஓட வைத்துள்ளனர். ஒன்று ஜெர்மனியிலிருந்தும் மற்றொன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலிருந்தும் வந்தவை.

பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

1. எந்திரத்தை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். விளக்கு எரிவது போதாது. கணக்குப் புரோகிராம் திறந்து, ஓர் அறிக்கை பிரிண்ட் ஆக வேண்டும்.

2. தலைமைப் பாஸ்வேர்டைக் கேளுங்கள். யூனிக்ஸில் இதை ரூட் பாஸ்வேர்டு என்பார்கள். இது இல்லாவிட்டால் வீட்டை வாங்கிவிட்டுச் சாவியை விற்றவரிடமே விட்டு வந்தது போலத்தான்.

3. அடிப்படைச் சாப்ட்வேரை முதலில் ஏற்றிய பிளாப்பி, டேப் அல்லது சி.டி. உண்டா? அதன் சீரியல் நம்பரும் ஆக்டிவேஷன் எண்ணும் எழுதிய தாள் உண்டா? டிஸ்க் பழுதானால் இவை இல்லாமல் மறுபடி ஏற்ற முடியாது.

4. பிரிண்டர் போர்ட்டில் சிறு பூட்டுப் போல ஒன்று செருகியிருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். டாங்கிள் எனப்படும் அது இல்லாவிட்டால் சில கணக்குப் புரோகிராம்கள் திறக்கவே திறக்காது.

5. புரோகிராமின் மூலவடிவம், அதாவது சோர்ஸ் கோடு, இருக்கிறதா? ஒவ்வொரு பைலிலும் எந்த இடத்தில் எந்த விவரம் என்று காட்டும் பட்டியல் இருக்கிறதா?

6. எழுதிக் கொடுத்தவர் யார், இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல கடைகளில் புரோகிராமுக்கு இருக்கும் ஒரே கையேடு அவருடைய நினைவுதான்.

7. கடைசியாக அச்சிட்ட இருப்பாய்வு ஒன்றைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். இதன் பயன் பின்னால் தெரியும்.

இந்த ஏழில் எத்தனை இல்லையோ அதற்குத் தக்கபடி விலையைக் குறைத்துப் பேசலாம். எல்லாமே இல்லையென்றால் அது கம்ப்யூட்டர் அல்ல, எடைக்குப் போடும் சாமான். அந்த விலைக்கே கேளுங்கள்.

வந்த அன்று செய்யக் கூடாதது

பல வருடம் கிடந்த எந்திரத்தை உடனே கரண்டில் போடக் கூடாது. பவர் சப்ளையின் கெபாசிட்டர்கள் கெட்டிருக்கும். போர்டில் உள்ள பேட்டரி கசிந்து கம்பிகளை அரித்திருக்கும். விவரம் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு முதலில் திறந்து பாருங்கள். பழைய டேப் டிரைவில் ரப்பர் உருளை இளகிப் பிசின் போல் ஆகியிருக்கலாம். அந்நிலையில் இருக்கும் ஒரே டேப்பை அதில் செருகினால் டேப்பும் போய்விடும்.

ஓட ஆரம்பித்ததும் முதல் வேலை, டிஸ்க் முழுவதையும் அப்படியே பிரதி எடுப்பது. பைல்களை மட்டும் எடுத்தால் போதாது. டிஸ்க்கின் முழு நகல் வேண்டும். அதன் பிறகு எந்தச் சோதனையையும் நகலில் செய்யுங்கள். "பார்மட் பண்ணிப் புதிதாகப் போட்டுத் தருகிறேன்" என்பவரிடம் எந்திரத்தை விட்டுவிட்டு வரவேண்டாம்.

எங்கே தேடுவது?

தேடல் வெற்றி பெறுவது எண்ணைப் பொறுத்தது. "பழைய டிஜிட்டல் மெஷின்" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. பெட்டியின் பின்புறத் தகட்டில் உள்ள மாடல் எண், ஒவ்வொரு போர்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எண், டிஸ்க் டிரைவின் எண் எல்லாவற்றையும் படம் எடுத்து, ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கையேட்டுக்கும் தனி எண் உண்டு. டிஜிட்டல் நிறுவனத்தில் இ.கே. என்று தொடங்கினால் எந்திரத்தைப் பற்றிய ஏடு; ஏ.ஏ. என்று தொடங்கினால் சாப்ட்வேரைப் பற்றியது. ஐ.பி.எம். 1401இன் மூலக் கையேட்டுக்கு எண் ஏ24-1403. அதற்குப் பின் வரும் கடைசி எண் எத்தனையாவது பதிப்பு என்று காட்டும்.

அந்த எண்களோடு தேட வேண்டிய இடங்கள் வருமாறு.

முதலாவது, பிட்சேவர்ஸ் என்ற இன்டர்நெட் ஆவணக் களஞ்சியம். பழைய கம்ப்யூட்டர்களின் கையேடுகள், சர்க்யூட் வரைபடங்கள், சில சாப்ட்வேர்கள் நிறுவனவாரியாக ஸ்கேன் செய்து அடுக்கப்பட்டுள்ளன. 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவிலும் இவற்றின் பிரதி உண்டு. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை.

இரண்டாவது, யூனிக்ஸ் பாரம்பரியச் சங்கம். யூனிக்ஸின் ஆதிப் பதிப்புகளை இது காத்து வருகிறது. கால்டிரா நிறுவனம் 2002 ஜனவரியில் முதல் ஏழு பதிப்புகளையும் தடையின்றிப் பயன்படுத்த அனுமதி தந்தது. ஆனால் வணிக உபயோகத்தில் இருந்த எஸ்.சி.ஓ. யூனிக்ஸுக்கும் ஜீனிக்ஸுக்கும் இந்த அனுமதி பொருந்தாது.

மூன்றாவது, சிம்எச் என்ற எமுலேட்டர். பாப் சுப்னிக் என்பவர் 1993இல் தொடங்கிய முயற்சி. பழைய எந்திரம் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே இன்றைய கம்ப்யூட்டரை நடக்க வைக்கும். பி.டி.பி-8, பி.டி.பி-11, வாக்ஸ் மட்டுமின்றி 1401கூட அதில் ஓடும். எந்திரம் எரிந்துபோய் டிஸ்க் நகல் மட்டும் மிஞ்சினாலும் கணக்கைத் திறக்க இது ஒரு வழி.

நான்காவது, நம் பக்கத்து ஊர். சென்னை ரிச்சி தெருவில் பழைய உதிரி பாகங்கள் விற்பவர்களை விசாரியுங்கள். அதைவிட முக்கியம், அந்தக் காலத்தில் சர்வீஸுக்கு வந்த இன்ஜினியர்கள். ஓய்வு பெற்ற பலர் வீட்டில் பரணில் கையேடு வைத்திருப்பார்கள். இந்திய எந்திரங்களுக்கு இந்த வழிதான் பெரிதும் உதவும். வெளிநாட்டுக் கையேடுகள் அளவுக்கு அவற்றின் ஏடுகள் ஸ்கேன் ஆகவில்லை. அதற்கும் கிடைக்காவிட்டால் போர்டைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிப் மோட்டோரோலா 68000 குடும்பமா, இன்டெல் 8086 குடும்பமா என்று தெரிந்தால் சிப்பின் கையேடும் டிஸ்க் டிரைவின் கையேடும் தனித்தனியே கிடைக்கும். தெரிந்த மெக்கானிக்குக் கால் பங்கு வழி அதிலேயே திறந்துவிடும்.

ஏடு கிடைக்கவில்லை என்றால்

எல்லா பைலும் ஒரே மாதிரி அல்ல. பாக்ஸ்பேஸ், டிபேஸ் ஆகியவற்றின் டி.பி.எஃப். பைலில் எந்தக் கட்டத்தின் பெயர் என்ன, எத்தனை எழுத்து என்பது பைலின் தலைப்பிலேயே எழுதியிருக்கும். இன்றைய லிபர்ஆபீஸ் போன்ற இலவசச் சாப்ட்வேரிலும் அது திறக்கும். உங்கள் கணக்கு அந்த வகையானால் பாதிக் கவலை தீர்ந்தது.

கோபால் பைல் அப்படியல்ல. எழுத்துகள் இடைவெளியின்றித் தொடர்ந்து வரும். முதல் ஆறு எழுத்து நெசவாளர் எண், அடுத்த இருபத்தைந்து பெயர், அடுத்த ஆறு தேதி என்பது புரோகிராம் எழுதியவருக்கே தெரியும். அச்சிட்ட பழைய அறிக்கையை அருகில் வைத்து ஒப்பிட்டு எல்லைகளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் பெரிய ஆபத்து தொகையில் இருக்கிறது. இடம் மிச்சம் பிடிப்பதற்காக ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்களை அடைத்து, கடைசி அரை பைட்டில் குறியை வைப்பார்கள். 12,345 என்ற தொகை மூன்று பைட்டில் 12, 34, 5சி என்று நிற்கும். சி என்றால் கூட்டல். அதே தொகை 12, 34, 5டி என்று நின்றால் கழித்தல். இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் மாற்றிக் கொடுத்தால் நாம் தர வேண்டிய கூலி, நெசவாளர் நமக்குத் தர வேண்டிய கடனாக மாறிவிடும். அவர் கையில் இருப்பது ஒரு சிறு சிட்டை. நம் கையில் இருப்பது கம்ப்யூட்டர் தாள். பார்ப்பவர் கம்ப்யூட்டர் தாளைத்தான் நம்புவார். ஆகவே அந்தத் தாள் சரியாக இருக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.

மாற்றி முடித்ததும் எல்லா நிலுவைகளையும் பற்று தனியாக, வரவு தனியாகக் கூட்டி, முன்பு வாங்கி வைத்த இருப்பாய்வோடு ஒப்பிடுங்கள். பைசா வரை ஒத்துப்போனால்தான் மாற்றம் சரி. அதோடு பத்து நெசவாளர்களைக் கூப்பிட்டு அவர்கள் சிட்டையோடும் பார்த்துவிடுவது நல்லது.

இன்னும் இரண்டு கவனிக்க வேண்டும். பழைய புரோகிராம்களில் வருடம் இரண்டு இலக்கமாக இருக்கும். 05 என்பது 1905 ஆகிவிடாமல் பார்க்க வேண்டும். தமிழில் அடித்த பெயர்கள் அந்தக் காலத்து எழுத்துருக் குறியீட்டில் இருக்கும். 1999இல் அரசு அறிவித்த டேம், டேப் போன்றவையானால் யூனிகோடுக்கு மாற்றும் சாப்ட்வேர் உண்டு. எந்த எழுத்துரு என்ற பெயரை மட்டும் குறித்து வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

எந்திரம் கைமாறினால் சாப்ட்வேரின் உரிமையும் தானாகக் கைமாறிவிடும் என்று எண்ண வேண்டாம். உரிம ஒப்பந்தத்தில் மாற்றிக் கொடுக்க அனுமதி உண்டா என்று பாருங்கள். விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். தயாரித்த நிறுவனம் மூடிப்போனாலும் உரிமை மறைந்துவிடுவதில்லை, வேறொருவர் கைக்குப் போகிறது. டிஜிட்டல் நிறுவனம் 1998இல் காம்பாக்கிடமும், காம்பாக் 2002இல் எச்.பி.யிடமும் போனது. இலவசமாகத் தந்த அனுமதியும் நிலையானதல்ல. வாக்ஸின் வி.எம்.எஸ். சாப்ட்வேருக்குப் பொழுதுபோக்காகப் பயன்படுத்துவோருக்கு வழங்கிவந்த அனுமதியை முடித்துக்கொள்வதாக 2020இல் அறிவிப்பு வந்தது.

அதே சமயம் நமக்குப் பாதுகாப்பும் உண்டு. முறைப்படி சாப்ட்வேரை வைத்திருப்பவர், அழிந்துபோகாமல் காப்பதற்காகப் பிரதி எடுத்துக்கொள்ள 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருகிறது. உங்கள் கணக்கு விவரங்கள் உங்களுடையவை, புரோகிராம்தான் பிறருடையது.

கணக்கைக் காப்பது விருப்பம் மட்டுமல்ல, கடமையும்கூட. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆவது பிரிவுப்படி, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடு நடந்தால் காலம் இன்னும் நீளலாம். "மெஷின் ஓடவில்லை" என்பது அதிகாரியிடம் பதிலாகாது.

சங்கம் செய்யக்கூடியது

1961இல் டிஜிட்டல் எந்திரம் வைத்திருந்தவர்கள் டிகஸ் என்ற பெயரில் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஒருவர் எழுதிய புரோகிராமை மற்றவர் டேப்பில் வாங்கிக்கொண்டார்கள். இன்று அந்த எந்திரங்களுக்குச் சாப்ட்வேர் கிடைப்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். போட்டியாளர்களே ஒன்றுகூடிச் செய்த காரியம் இது.

நாமும் செய்யலாம். சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு போதும். எந்தக் கடையில் எந்த மாடல், எந்தப் புரோகிராம், எந்தக் கையேடு, எந்த டேப் டிரைவ் வேலை செய்யும் நிலையில் இருக்கிறது, யார் சர்வீஸ் செய்தார் என்று உறுப்பினர்கள் எழுதிவைத்தால் போதும். கணக்கு விவரம் எதுவும் அதில் வேண்டியதில்லை. காந்தி ரோட்டில் ஒருவர் தேடும் கையேடு அடுத்த தெருவில் இன்னொருவர் பரணில் இருக்கக்கூடும்.

அதற்கு முன், இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கடையில் இப்போது ஓடும் கம்ப்யூட்டரின் மாடல் எண், சாப்ட்வேரின் பெயர், பதிப்பு, உரிம எண், பாஸ்வேர்டு, எழுதித் தந்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கடைசி இருப்பாய்வோடு சேர்த்துப் பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வையுங்கள். இன்றைய புது எந்திரமும் ஒருநாள் பழையதாகி உங்கள் பிள்ளைகள் கைக்கு வரும். அன்று அவர்கள் முதலில் தேடப்போவது அந்தத் தாளைத்தான்.